முகம் காட்டும் வில்லை

பெரிய தகட்டில் மனித முகத்தைப் படம்பிடிக்க விழைபவர் முதலில் அஞ்சுவது வில்லையின் விலைக்கே. இறக்காமம் போன்ற ஊரில் சிறுமுதலுடன் இக்கலையில் இறங்குபவருக்கு அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் நல்ல முகப்படத்துக்கு விலையுயர்ந்த வில்லை இன்றியமையாததன்று என்பதை வரலாறு காட்டுகின்றது.

1839ஆம் ஆண்டில் டாகேர் முறை வெளிப்பட்டபோது வில்லைகள் ஒளி குன்றியவையாக இருந்தன. படம் எடுக்கப்படுபவர் வெயிலில் பல நிமிடம் அசையாது அமர நேர்ந்தது. 1840இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் வகுத்த வில்லை, முன்னையதிலும் ஏறத்தாழப் பதினாறு மடங்கு ஒளியைத் தந்தது. நடுவில் கூர்மையும் ஓரங்களில் மங்கலும் அதன் இயல்பு. முகமோ நடுவில்தான் அமைகின்றது. ஆதலின் அக்குறை பெருங்குறையாகவில்லை. பிரான்சின் வில்லைத் தொழிலாளரும் அம்முறையைப் பின்பற்றிப் பலவற்றைச் செய்தனர்.

அவ்வாறு பிரான்சில் செய்யப்பட்ட ஜாமின் வில்லையோடுதான் யூலியா மாகிரட் கமரன் அம்மையார் தமது நாற்பத்தெட்டாம் வயதில், 1863இன் இறுதியில், படம்பிடிக்கத் தொடங்கினார். அவர் படங்களின் மங்கலை அக்காலத்து வல்லுநர் பலர் பழித்தனர். இன்று உலகம் அவற்றைப் போற்றுகின்றது. 1875இல் இலங்கைக்கு வந்த அவர், களுத்துறையிலும் பிற இடங்களிலும் இந்நாட்டு மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879 சனவரி 26ஆம் நாள் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

1866இல் இங்கிலாந்தின் டல்மேயரும் செருமனியின் ஸ்டைன்ஹைலும், ஒத்த இரு பாதிகளைக் கொண்ட வில்லையைத் தனித்தனியே அமைத்தனர். 1902இல் சைஸ் நிறுவனத்தின் பவுல் ருடோல்ப் நான்கே கண்ணாடிகளால் டெஸ்ஸார் வில்லையை ஆக்கினார். காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்கள் அவ்வமைப்பை வேறு பெயர்களில் விற்றன. பெயர் பெறாத அத்தகைய பழைய வில்லையே சிக்கனம் நாடுவோருக்கு ஏற்றது.

தெரிவு செய்கையில் குவியத்தூரத்தை முதலில் நோக்குதல் வேண்டும். 4×5 அங்குலத் தகட்டுக்கு 210 முதல் 300 மில்லிமீற்றர் வரை பொருந்தும். அதனிற் குறைந்தால் முகத்தை மிக நெருங்க நேரிடும். மூக்கு பெருத்துத் தோன்றும். கரையோரத்து ஈரக்காற்றில் கண்ணாடியிற் பூஞ்சணம் படர்வதுண்டு; ஆகவே மின்சூளை வெளிச்சத்தில் உட்புறத்தை ஆராய்ந்த பின்னரே பணம் கொடுத்தல் நன்று. மெல்லிய கீறல் ஒன்றிரண்டால் படம் கெடாது. மூடுகதவு இல்லாத வில்லையாயின் விலை இன்னும் தாழும். வேகங்குன்றிய தகட்டுக்கு, மூடியைக் கையால் எடுத்து மூடினாலே போதும். 8×10 அங்குலத் தகட்டைப் பெருக்காமல் அதே அளவில் அச்சிடுவதால் வில்லையின் சிறுகுறைகளும் பெருகித் தோன்றா.

கமரன் அம்மையார் இலங்கையிற் பதித்த முகங்களுட் பலவற்றின் பெயர்கள் எழுதப்படவில்லை. முகங்கள் நிலைத்தன, அவர்கள் யாரென்பது மறைந்துபோயிற்று. ஆகவே படத்தின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்துவைத்தல் கடமையாகும். அதற்குச் செலவு ஏதுமில்லை.