‘பொது’ என்று பதிவான நீர்



ஊரகக் குடிநீர்த் திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் ஊரின் கிணறு, அடிபம்பு, தெருக்குழாய், மேல்நிலைத் தொட்டி ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறிக்கிறார்கள். எந்தக் குடியிருப்பு விடுபட்டது என்று அதில் தெரியும். தேவையான வேலைதான். ஆனால் அந்த வரைபடத்திடம் நம் வரலாறு இன்னொன்றையும் கேட்கிறது: அந்த நீரை யார் எடுக்க முடிகிறது?

1923 ஆகஸ்டில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டமன்றம் ஏற்றது. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதாரும் பயன்படுத்தலாம் என்றது அது. அடுத்த ஆண்டே மகாத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. ஏட்டளவில் குளம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் அந்தக் குளத்தில் நீர் அள்ளிக் குடித்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். அந்த டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் சென்று, குளம் பொதுச்சொத்தே அல்ல என்று வாதாடினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளிக்க 1937 ஆகிவிட்டது. ஏட்டில் இருந்த ‘பொது’ என்ற சொல்லைக் கிணற்றடிக்கும் குளத்தடிக்கும் கொண்டுவருவது எத்தனை கடினம் என்பதற்கு அந்தப் பத்தாண்டு சாட்சி.

சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. அதே காலத்தில் தொழிலாளர் துறை சேரிகளுக்குத் தனிக் கிணறுகள் வெட்டிக் கொடுத்தது. அன்றைய தாகத்துக்கு அவை அவசியம். ஆனால் ஊர்க் கிணற்றின் மீதான உரிமை ஆணையோடு நின்றது. தனிக் கிணறே நிரந்தர ஏற்பாடானது. 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறைகளில் பாகுபாட்டைத் தடைசெய்த பிறகும் ஊருக்கு ஒரு நீர், சேரிக்கு ஒரு நீர் என்ற அமைப்பு கலையவில்லை.

1972–73இல் மத்திய அரசு விரைவுபடுத்தப்பட்ட ஊரகக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கியது. அதன் அளவுகோல்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், 250 பேருக்கு ஒரு நீராதாரம், சமவெளியில் 1.6 கிலோமீட்டருக்குள் நீர். ஊர்க் கிணறு சேரியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். தூரத்தை மட்டும் அளந்தால் சேரியும் நீர் கிடைத்த குடியிருப்பாகிவிடும். குடத்தோடு போன பெண் திருப்பி அனுப்பப்படுவதை எந்த நாடாவாலும் அளக்க முடியாது.

2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கொரு குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்கிறது. வீட்டு வாசலில் குழாய் வந்தால் கிணற்றடி அவமானம் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழாய்க்கு மேலே ஒரு தொட்டியும் ஒரு வால்வும் அதைத் திறக்கும் ஒரு கையும் இருக்கின்றன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. அந்தத் தொட்டியும் வரைபடத்தில் ஒரு புள்ளிதான்.

ஆகவே நாம் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு நீர்ப்புள்ளிக்கும் எதிரே இன்னும் சில விவரங்கள் எழுதப்பட வேண்டும். எந்தத் தெருக்காரர்கள் நீர் எடுக்கிறார்கள், யார் எடுப்பதில்லை, ஏன்? வால்வு யார் பொறுப்பில் இருக்கிறது? சித்திரை வெயிலில் கடைமடைக் குழாயில் எத்தனை நேரம் நீர் வருகிறது? இவற்றை ஊர் மந்தையில் எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டால் உண்மை வராது. அங்கே நம் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். சேரிக்கே வந்து அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது பதிவானால்தான், அடுத்த குழாய் எங்கே போக வேண்டும், எந்தக் கிணற்றடியில் சட்டம் போய் நிற்க வேண்டும் என்ற இரண்டையும் அந்த வரைபடம் காட்டும்.