பாரவண்டியும் மரநிழலும்

புங்குடுதீவின் ஊர்ப்பகுதிகளுள் ஒன்று மடத்துவெளி. தீவின் பெயருக்குப் புங்கமரமே காரணம் என்று கூறுவோர் உளர். மடத்துவெளியின் பெயரிலோ மடம் என்னும் சொல் வெளிப்படையாகவே நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் மடம் என்பது துறவியரின் இருப்பிடத்தை மட்டும் குறிப்பதன்று; வழிநடப்போர் இளைப்பாறும் பொதுவிடத்தையும் அது குறிக்கும். பாதையில் செல்வோரையும், அவர்கள் சுமந்து செல்லும் பாரத்தையும், அவர்களுக்காக வளர்க்கப்பட்ட மரத்தையும் ஒருங்கே நினைவூட்டும் சொல் அது. பாரவண்டிகள் கக்கும் புகைக்கு ஈடாக ஊர்தோறும் மரம் நடுவோம் என்னும் முழக்கம் உலகெங்கும் எழுந்துள்ள இக்காலத்தில், பாதைக்கும் பாரத்துக்கும் மரத்துக்குமிடையே நம்மவர் கண்ட பழைய உறவை ஒருமுறை நினைத்துப்பார்ப்பது பயனுடையது. இம்முழக்கத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வாணிகம் என்பதைப் பிரித்தறிய அது துணைசெய்யும்.

வழியோரத்தில் மரம் நடுவதை அரசகடமையாகக் கொண்டதற்கு மிகப் பழைய சான்று அசோகனுடைய கல்வெட்டுகளில் உண்டு. மனிதருக்கும் கால்நடைகளுக்கும் நிழல் தருமாறு பாதைகளில் ஆலமரங்களை நாட்டியதையும், மாந்தோப்புகளை உண்டாக்கியதையும், கிணறுகளைத் தோண்டுவித்ததையும் அவன் பொறித்து வைத்தான். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் தென்பாண்டி நாட்டில் இன்றும் பேசப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் இப்பணியைப் பெரும்பாலும் அரசர் செய்யவில்லை, ஊரவரே செய்தனர். மடமொன்று இருந்தால் அதனருகே கிணறு, மாடுகள் நீரருந்தத் தொட்டி, அவை உடல் உரஞ்சுவதற்கு ஆவுரஞ்சிக்கல், ஆலோ வேம்போ ஒன்று, சற்றுத் தள்ளிச் சுமைதாங்கி ஆகியன இருக்கும்.

சுமைதாங்கியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். நிறுத்திய இரு கற்களின்மேல் மூன்றாவது கல்லொன்றைக் கிடத்தி, தலைச்சுமையை இறக்குவதற்கு ஏற்ற உயரத்தில் அமைத்ததே அது. அதன் பயன் எளியது. தலையிலோ தோளிலோ பாரம் சுமந்து தனியே வருபவன் பிறர் உதவியின்றி அதை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் முடியும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இதனை நாட்டுவது வழக்கம். இறக்கமுடியாத சுமையோடு மாண்டவளின் பெயரால், வழியிற் செல்லும் யாரோ ஒருவன் தன் சுமையை இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணம், கவிஞர் எவரும் எழுதாத கவிதை எனலாம்.

ஆயினும் பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறந்துவிடலாகாது. மடத்தின் திண்ணையும் கிணற்றுத் துலாவும் எல்லாருக்கும் ஒருபோலத் திறந்திருக்கவில்லை. பாரத்தைச் சுமந்த தோள்கள் பெரும்பாலும் எவருடையனவோ, அவர்களுக்கே பல இடங்களில் தண்ணீர் வார்த்துக் கொடுக்கப்பட்டது; அள்ள விடப்படவில்லை. 1960களில் தேநீர்க்கடைகளுக்கும் ஆலயங்களுக்கும் முன்னால் நடந்த போராட்டங்களின் வேர் இத்தகைய கிணற்றடிகளில் இருந்தது. நிழல் பொதுவானது, நீர் பொதுவானதன்று என்ற அந்த முரண்பாடு பின்னரும் நமக்குப் பயன்படும்.

இனி மரமே பாரமான கதை. தீவுகளை ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களால் அழைத்தனர். ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவு மட்டும் டெல்வ்ற் என்ற பெயரை இன்றுவரை சுமக்கிறது. இப்பகுதியிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த வருவாய்ப் பொருள்களில் பனைமரம் முக்கியமானது. வைரமேறிய பனஞ்சட்டங்கள் பாய்க்கப்பல்களில் சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியாயின. ஆங்கிலேயர் காலத்தில், 1850ஆம் ஆண்டு, வில்லியம் பேர்குசன் என்பவர் பனையைப் பற்றித் தனி நூலொன்றையே கொழும்பில் வெளியிட்டார். வீட்டுக்கு வளை, வேலிக்கு ஓலை, வயிற்றுக்கு ஒடியல் என்று பனை நம்மவரைத் தாங்கிற்று. பஞ்சகாலத்தில் அதுவே களஞ்சியம். யுத்தகாலத்தில் காவலரண்களுக்கென அதே பனைகள் தறிக்கப்பட்டன. தறித்தவர் ஒரு தரப்பினர் மட்டுமல்லர்.

பாரம் ஏற்றும் முறையும் இதற்கிடையில் மாறிக்கொண்டே வந்தது. தோணியும் வத்தையும் தீவுகளை இணைத்த காலத்தில் காற்றே எரிபொருள். கரையேறியபின் மாட்டுவண்டி, அதற்கு வைக்கோலும் தவிடும் போதும். 1902இல் யாழ்ப்பாணத்தில் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்புடன் நேரடித் தொடர்பு ஏற்பட்டது. தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்த புங்குடுதீவு வணிகரின் வரலாற்றை இவ்விருப்புப் பாதையைத் தவிர்த்து எழுதமுடியாது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உற்பத்தியும் தெற்கே செல்ல இதனையே நம்பியிருந்தது. பின்னர் பண்ணைத் தாம்போதியும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைத்த வாணர் பாலமும் கடலைத் தரையாக்கின. லொறி குறிகட்டுவான் துறைவரை வந்தது. பாலம் வந்ததை எவரும் குறைகூறவில்லை. மகப்பேற்றுக்குப் பெண்ணைத் தோணியில் ஏற்றி அனுப்பியோர் எப்படிக் குறைகூறுவர்?

1990இல் வடபகுதிப் புகையிரதம் நின்றது. அது நின்றதோடு பாரப் போக்குவரத்தின் கணக்கே தலைகீழாயிற்று. கண்டி வீதி திறந்திருந்த காலங்களில் எல்லாப் பண்டமும் லொறியில் வந்தது. மூடப்பட்டபோது கப்பலை எதிர்பார்த்து மக்கள் நின்றனர். 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை எட்டியது. பயணிகள் திரும்பினர், பாரமோ பெரும்பாலும் திரும்பவில்லை. லொறிக்காரருக்குப் பழகிய சந்தை லொறிக்காரரிடமே தங்கிவிட்டது. ஒரு தொன் சுமையை ஒரு மைல் கொண்டுசெல்லப் புகையிரதம் எரிக்கும் எண்ணெய், லொறி எரிப்பதைவிடப் பல மடங்கு குறைவு என்பது பொறியியலாளர் எவரும் மறுக்காத செய்தி. ஆகவே நம் புகைப் பிரச்சினையின் ஒரு பகுதி இயற்கையால் வந்ததன்று; யுத்தத்தால் வந்து, வழக்கத்தால் நிலைத்தது.

மரத்தால் புகையை ஈடுசெய்யலாம் என்ற கருத்து எங்கிருந்து பிறந்தது? 1977இல் பௌதிகவியலாளர் பிறீமன் டைசன் இதனை ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். காபனீரொட்சைட்டின் பெருக்கம் ஆபத்தான நிலையை அடையுமாயின், பெருமளவில் மரம் நட்டு அவகாசம் தேடிக்கொண்டு, அதற்குள் நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிடலாம் என்பதே அவர் கருத்து. மரம் அவசரகால ஏற்பாடு மட்டுமே. தவணை கேட்கும் கடன்காரனின் வார்த்தை அது. 1988இல் அக்கருத்து வாணிகத்தின் கைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைத்த ஏ.இ.எஸ். கொம்பனி, அதன் புகைக்கு ஈடாகக் குவாதமாலாவின் ஏழை உழவரைக்கொண்டு ஐந்து கோடிக்கு மேற்பட்ட மரங்களை நடுவிக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது. புகை வட நாட்டில், மண்வெட்டி தென் நாட்டில். மரங்கள் எதிர்பார்த்த அளவைத் தொடவில்லை எனப் பின்னைய மதிப்பீடுகள் கூறின, மின்நிலையமோ எரிந்துகொண்டேயிருந்தது.

நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. பிரித்தானிய இசைக்குழுவான கோல்ட்பிளே 2002இல் வெளியிட்ட இசைத்தட்டினால் உண்டான புகைக்கு ஈடாகக் கர்நாடக மாநிலத்து உழவருக்கு 10,000 மாங்கன்றுகள் வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவற்றுட் பல நீரின்றிக் கருகிப்போயின என்று 2006இல் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கன்று கொடுத்தவர்கள் தண்ணீர் கொடுக்கவில்லை. இத்தகைய ஈட்டுக் கணக்கைக் காட்டித் தம் பண்டம் சுற்றாடலுக்குத் தீங்கற்றது என்று விளம்பரஞ் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டத்தாற் கட்டுப்படுத்த முன்வந்தது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அதை முதலாளித்துவம் கணக்குப் புத்தகத்தில் எழுதக் கற்றுக்கொண்டது எனலாம்.

மாணவர் தாமே செய்துபார்க்கக்கூடிய கணக்கொன்றை இங்குத் தருகிறேன். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். சுமையேற்றிய லொறி லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுமென்று கொண்டால், ஒரு வழிக்கு 100 லீற்றர், அதாவது 270 கிலோ புகை. போய்வர 540 கிலோ. வாரத்துக்கொருமுறை, ஆண்டில் 50 தடவை என்றால் 27,000 கிலோ. வளர்ந்த மரமொன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கிலோவை ஈர்க்கும் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பு. அதன்படி ஒரேயொரு லொறிக்கு 1,350 மரங்கள் வேண்டும். பத்தடி இடைவெளியில் நட்டால் மூன்று ஏக்கர். நம் வழக்கில் 48 பரப்பு. அதுவும் கன்றுகள் வளர்ந்து மரமான பின்னர்தான். முதற் சில ஆண்டுகளில் அவை ஈர்ப்பது மிகச் சொற்பம். லொறி அதற்காகக் காத்திருப்பதில்லை. மரம் பட்டுப்போனாலோ எரிந்தாலோ ஈர்த்ததெல்லாம் திரும்ப வெளியேறும். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியிற் கிடந்த கரியை எடுத்து எரித்துவிட்டு, நூறாண்டு வாழும் மரத்திடம் ஒப்படைப்பது, நிலையான கடனுக்குத் தற்காலிகப் பிணையாளியை நிறுத்துவது போன்றது.

தீவகத்துக்கு இக்கணக்கு இன்னும் கடினமானது. இங்கே மண் சுண்ணக்கல்லின்மேற் படிந்த மெல்லிய போர்வை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். புங்குடுதீவில் நன்னீர் அரிது; குடிநீர் பவுசரில் வருகிறது. லொறியின் புகைக்கு ஈடாக நட்ட கன்றுக்கு இன்னொரு லொறியில் வந்த தண்ணீரை ஊற்றும் விசித்திரம் இதனால் நேரலாம். நீர் கேளாத பனையை நடலாமே என்பீர்கள். நடவேண்டியதே. ஆனால் பனை மெல்ல வளர்வது. வடலி பாளை தள்ளவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் செல்லும். அவசரக் கணக்கெழுதும் கொம்பனிக்கு அது உகந்த மரமன்று. நமக்கு உகந்தது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும் பனையின் பெருமையைப் புகைக்கணக்கில் வைத்துத் தொடங்கவில்லை. சீவற்தொழிலாளியின் பிழைப்பும் பனம்பொருட் கைத்தொழிலுமே அதன் தொடக்கம்.

நிலம் எவருடையது என்ற கேள்வியும் உண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். உரிமையாளர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்க, வளவுகள் பற்றை மண்டிக் கிடக்கின்றன. வெறுங்காணிதானே, மரம் நட்டால் என்ன என்று தூரத்திலிருந்து சொல்லலாம். கூலிக்குத் தோட்டஞ்செய்ய ஒரு துண்டு நிலம் கேட்டு நிற்கும் குடும்பங்களும் அதே ஊரில் உள்ளன. மரத்தை நடுவதும் ஆட்டுக்கடியிலிருந்து வேலியிட்டுக் காப்பதும் கோடையில் குடம் சுமப்பதும் அவர்களே. நற்பெயர்ச் சான்றிதழோ கொழும்பில் ஒரு கந்தோரின் சுவரில் தொங்கும். முன்னர் கூறிய கிணற்றடி முரண்பாடு இதுவே: நிழல் பொதுவானது, நீர் பொதுவானதன்று.

மரநடுகையை நான் எதிர்க்கவில்லை. பாடசாலை தோறும் புங்கும் வேம்பும் பூவரசும் நடப்படவேண்டும். கரையோரத்தில் பனையும் தாழையும் வேண்டும். காற்றுக்கும் மண்ணரிப்புக்கும் வெயிலுக்கும் அவை மருந்து. அந்தக் காரணங்களே போதியவை. புகைக்கு மருந்து வேறிடத்தில் உள்ளது. காங்கேசன்துறைவரை இருப்புப்பாதை கிடக்கிறது. அரிசியும் மாவும் சீமெந்தும் அதில் ஏன் வருவதில்லை என்று கேட்கவேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவரும் கூட்டுறவுச் சங்கத்தினருமே. கொழும்புக்குச் செல்லும் லொறி பாதி வெறுமையாக ஓடுவதைக் கூட்டுறவு முறையால் தடுக்க முடியும். அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு லீற்றர் டீசலும் எரியாமலே நிலத்தடியில் இருக்கும். அதற்கு எந்த மரமும் பிணைநிற்கத் தேவையில்லை.

குறிகட்டுவான் துறையில் லொறி நிற்கிறது. அதற்கப்பால் பாதை இல்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் உரிய மூட்டைகள் அங்கிருந்து மனிதத் தோள்களிலேறியே படகுக்குச் செல்கின்றன. மரம் நட வருவோர் முதற் கன்றை அந்தத் துறைப்பாதையோரத்தில் நடலாம்; அருகே ஒரு சுமைதாங்கியையும் நாட்டலாம்.