புகைக்கூண்டும் வானவூர்தியும்

வெளிநாட்டுச் செலவு மேற்கொண்டு மீளும் நம்மவர் சிலர், துருக்கி நாட்டுக் கப்படோக்கியாவில் வைகறைப் பொழுதிலே வெப்பக்காற்றுப் பலூனில் முதன்முறை ஏறி, கூம்பு கூம்பாய் நிற்கும் பாறைகளுக்கு மேலே மிதந்து வந்ததை வியந்து உரைக்கக் கேட்கின்றோம். கேட்டிருக்கும் தமிழார்வலர் ஒருவர், "இஃதென்ன புதுமை? சங்கச் சான்றோர் கண்ட வானவூர்தியன்றோ இது!" என்று முடித்துவிடுவதும் உண்டு. பள்ளிப் பேச்சுப்போட்டிகளிலும் இக்கருத்து அடிக்கடி ஒலிக்கின்றது. ஆசிரியராகிய நாம் இதனை ஆய்ந்து தெளிதல் வேண்டும்.

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27 ஆம் பாட்டில், செலுத்துவோன் இன்றியே இயங்கும் வானவூர்தி கூறப்படுவது உண்மையே. ஆனால் எவ்விடத்தில் கூறப்படுகிறது என்று நோக்க வேண்டும். புலவர் பாடும் புகழுக்குரியோர், செய்யத்தக்க நல்வினையெல்லாம் செய்துமுடித்து, மறுமையிலே எய்தும் பேறு அது. உறையூர்த் தெருவில் நின்ற ஊர்தி அன்று. சீவக சிந்தாமணியிலோ, சச்சந்தன் கருவுற்ற விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். பொறியை வலப்புறம் திருகின் எழுந்து பறக்கும். இடப்புறம் திருகின் இறங்கி நிற்கும். திருத்தக்கதேவரின் கற்பனைத் திறத்துக்கு இதனினும் சான்று வேண்டா. எனினும் கற்பனை வேறு, வரலாறு வேறு. அன்றியும் மயிற்பொறி செலுத்துவோர் கருத்தின்வழிச் செல்வது. பலூனோ காற்றின்வழிச் செல்வது.

பலூனின் வரலாறு பிரான்சு நாட்டிலே தொடங்குகிறது. காகிதத் தொழில் நடத்திய மான்கோல்பியே உடன்பிறந்தார், 1783 செப்டம்பர் 19 ஆம் நாள் வெர்சேய் அரண்மனை முன்றிலில் ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஏற்றி விட்டனர். அவை உயிருடன் இறங்கவே, நவம்பர் 21 ஆம் நாள் பிலாத்ர் த ரொசியே, தார்லாந்து என்னும் இருவர் பாரிசின்மேல் ஏறத்தாழ 25 நிமிடம் பறந்தனர். புகையே கூண்டைத் தூக்குகின்றது என்று எண்ணி, வைக்கோலும் கம்பளி மயிரும் இட்டு எரித்தார்கள். நம் முன்னோரும் புகைக்கூண்டு என்றே வழங்கினர். உண்மையில் தூக்குவது புகையன்று, சூடு. 20 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ளது. 100 பாகையில் 0.95 கிலோதான். இந்தக் கால் கிலோ வேறுபாடே ஆளைத் தூக்குவது! 1,000 கன மீட்டர்க் கூண்டு ஏறத்தாழ 250 கிலோ தாங்கும். துணியும் கூடையும் அடுப்பும் அதிலேயே அடக்கம். வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் தூக்கும் ஆற்றல் மிகும். வெயில் ஏறினால் அது குறைவதோடு காற்றும் கலங்கும். வைகறையைத் தேர்வது இதனாலேயே.

தோட்டத்து மக்கள் அறியத்தக்க செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. அதே 1783 ஆகஸ்டு 27 ஆம் நாள், சார்லசு என்னும் அறிஞர் ஆள் ஏற்றாத கூண்டொன்றில் ஹைட்ரஜன் நிரப்பிப் பாரிசிலிருந்து விட்டார். ஹைட்ரஜன் பட்டின் இழைவழிக் கசிந்துவிடும். அதைத் தடுக்க, ராபர்ட் உடன்பிறந்தார் ரப்பரை டர்ப்பன்டைனில் கரைத்துப் பட்டின்மேல் பூசினர். கொனெசு என்னும் சிற்றூரில் அது வீழ்ந்தபோது, அஞ்சிய உழவர் கவைக்கோலால் குத்திக் கிழித்தனர் என்பது தனிக்கதை. அன்றைய ரப்பர் தென்னமெரிக்கக் காட்டு மரங்களின் பால். ரப்பர்க் கன்றுகள் 22 சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1877-இல்தான். அதன் பின்னரே மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன, நம் பாட்டன்மார் பால்வெட்ட வந்தனர். கோத்தா திங்கி வட்டாரத்தில் இன்று ரப்பரினும் செம்பனையே மிகுதி. ஆயினும் இப்பாடத்தை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ரப்பரிலிருந்து தொடங்குவதே நன்று.

இனி இந்தியா. 1889-இல் ஆங்கிலேயர் பெர்சிவல் ஸ்பென்சர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பலூனேறிக் காட்டினார். பாட்டன் காலந்தொட்டு இதனையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தவர் அவர். கல்கத்தாவில் அவருடன் ஏறியவர் ராமசந்திர சட்டர்ஜி என்னும் வங்காளியார். சர்க்கஸில் உடல்வித்தை காட்டியவர். முதலில் துணையாக ஏறினார். அவ்வாண்டிலேயே தனியாகவும் ஏறினார். 1890-இல் பாரசூட் கொண்டு குதித்தார். தனியே பலூனேறிய முதல் இந்தியர் என்று குறிக்கப்படுபவர் இவரே. அவர் ஏறியது, தெருவிளக்குக்காக நிலக்கரியிலிருந்து வடித்த வாயு நிரப்பிய பலூன், வெப்பக்காற்றினது அன்று. அதனால் பெருமை குறையுமா? ரைட் உடன்பிறந்தார் பறந்தது 1903-இல். அதற்கு 14 ஆண்டுகள் முன்னரே, அடிமை நாட்டான் ஒருவன், துரைக்குப் பின்னால் நிற்பதோடு அமையாமல், கூடையில் தனியே நின்றான். சாத்தனார் பாட்டுக்குப் புதுப்பொருள் காண்பதில் நாம் செலவிடும் உழைப்பிற் சிறிது இவரை மாணாக்கர்க்கு அறிமுகம் செய்வதற்கு ஆகலாம்.

காற்றின்வழிச் செல்வதன் இடரை டாக்கா கண்டது. 1892 மார்ச்சு 16 ஆம் நாள், நவாபு அசனுல்லாவின் அழைப்பின்பேரில் ஜானெட் வான் டாசல் என்னும் பெண், புரிகங்கை ஆற்றின் தென்கரையிலிருந்து வெப்பக்காற்றுக் கூண்டில் எழுந்தார். ஆற்றைக் கடந்து நவாபின் அரண்மனையாகிய அசன் மன்சிலின் மாடியில் இறங்குவதே ஏற்பாடு. காற்று அவரை வேறுபக்கம் கொண்டுபோயிற்று. மரமொன்றில் சிக்கிய அவரை மூங்கில் கட்டி இறக்க முயன்றபோது, தவறி வீழ்ந்தார். இரண்டு நாளில் உயிர் நீங்கிற்று. அவர் கல்லறை டாக்காவின் நாரிந்தாவிலே உள்ளது.

இன்றைய பலூன், 1960-இல் அமெரிக்கராகிய எட் யோஸ்டு பறந்து காட்டிய முறையினது. நைலான் கூண்டும், புரோப்பேன் வாயுவை எரிக்கும் அடுப்பும் கொண்டது. 2005 நவம்பர் 26 ஆம் நாள் விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து இத்தகைய கூண்டில் எழுந்து 21,027 மீட்டர் உயரம் எட்டினார். 2009 முதல் நம் புத்ராஜெயாவிலும், 2015 முதல் பொள்ளாச்சியிலும் பலூன் விழாக்கள் நடந்துள்ளன. இத்துணை வளர்ந்தும் பலூனுக்குச் சுக்கான் இல்லை. வெவ்வேறு உயரத்தில் காற்று வெவ்வேறு திசையில் வீசுவதை அறிந்து, அடுப்பை ஏற்றியும் தணித்தும் வேண்டிய காற்றடுக்கைப் பற்றுவதே செலுத்துவோன் திறம். ஆதலின் பலூனுக்குப் புறநானூற்றில் ஒப்புமை தேடுவோர் 27 ஆம் பாட்டை விட்டு 66 ஆம் பாட்டுக்குச் செல்லலாம். கடலில் கலம் ஓட்டிக் காற்றையே ஏவல் கொண்டவன் வழித்தோன்றல் என்று கரிகாலனை அங்கே வெண்ணிக்குயத்தியார் பாடுகின்றார்.