"நல்லா இருக்கேன் ஐயா": புற்றுநோய் மருந்துப் பரிசோதனையில் நோயாளியின் குரல்

கொத்மலையில் கொழுந்து பறித்துவந்த என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன் ஐயா" என்பார் பெரியம்மா. லயத்துக்குத் திரும்பியதும் என்னிடம் சொல்வது வேறு: "விரலுக்குக் கொழுந்து தட்டுப்படவே மாட்டேங்குது."

கீமோதெரபி மருந்துகள் சில நரம்புகளைப் பாதித்து விரல்நுனியை மரத்துப்போகச் செய்யும். பெரியம்மாவின் கிளினிக் அட்டையில் அது ஏறவே இல்லை.

புதிய மருந்துகளைப் பரிசோதிக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. கட்டி சுருங்கியதை ஸ்கேன் காட்டும். நோயாளி எப்படி வாழ்ந்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு அதிகம் பயன்படும் வினாக்கொத்துகளில் ஒன்று, ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பொன்று உருவாக்கி 1993இல் வெளியான 'கியூஎல்கியூ-சி30'. வலி, களைப்பு, தூக்கம், பசி, குடும்ப வாழ்க்கை, பணக் கஷ்டம் என 30 கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு 'இல்லவே இல்லை' முதல் 'மிக அதிகம்' வரை நான்கு விடைகள். விடைகள் 0 முதல் 100 வரையான புள்ளிகளாக மாற்றப்படும். சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் பின்பும் கேட்டு, புதிய மருந்து பெற்றவர்களை மற்றவர்களோடு ஒப்பிடுவார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மிகவும் முடியாமல் போனவர்களே படிவம் நிரப்புவதை முதலில் நிறுத்துகிறார்கள். எஞ்சியவர்களின் சராசரியை மட்டும் பார்த்தால் மருந்து உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

ஐரோப்பாவில் 2009 முதல் 2013 வரை புற்றுநோய் மருந்துகளுக்கு 68 பயன்பாடுகளில் அனுமதி கிடைத்தது. அனுமதி தரப்பட்ட வேளையில் ஆயுள் நீண்டதற்கு ஆதாரம் இருந்தது 24இல். வாழ்க்கைத் தரம் மேம்பட்டதற்கு ஆதாரம் இருந்தது 7இல் மட்டும். 2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த கணக்கு இது.

கேட்பதால் என்ன பயன்? நியூயோர்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தம் அறிகுறிகளைக் கணினிவழி தொடர்ந்து தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதங்கள், வழமையான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்கள். இதுவும் 2017இல்தான் வெளியானது.

ஆனால், யாருடைய நாளை வைத்துக் கேள்வி கேட்கிறோம்? கியூஎல்கியூ-சி30க்குத் தமிழ் வடிவமும் உண்டு. அதன் முதல் கேள்வி பாரமான கடைப்பையையோ சூட்கேஸையோ தூக்குவது பற்றியது. நரம்புப் பாதிப்புக்கான தனி வினாக்கொத்து, பேனா பிடிப்பதையும் சிறிய பொத்தான் போடுவதையும் கேட்கிறது. பெரியம்மாவின் விரல்களுக்குப் பேனாவோடு அதிக வேலை இருந்ததில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள முடியாவிட்டால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். மரத்துப்போன விரல் அவருக்குப் பாதிச் சம்பளம்.

மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. கேள்வி மலைக்கும் ஏறிவர வேண்டும். அதுவரை கிளினிக்கில் "நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். போன வாரம் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.