பழைய மைக்ரோவேவ் அடுப்பும் அதன் பழுதுநீக்கமும்

மைக்ரோவேவ் அடுப்பு எனப்படும் நுண்ணலை அடுப்பு, இரண்டாம் உலகப்போர்க் கால ராடார் ஆய்விலிருந்து பிறந்த வீட்டுக் கருவியாகும். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் தயாரான அடுப்புகளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்போர் இன்றும் உள்ளனர். அடுப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை அறிந்த பின்னரே அதைத் தொட வேண்டும். அதற்கான காரணம் அதன் வரலாற்றில் உள்ளது.

தோற்றம்

1940-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் ஆகியோர் ஆற்றல் மிக்க நுண்ணலைகளை உண்டாக்கும் புதிய வகை மேக்னட்ரானை உருவாக்கினர். அதே ஆண்டு அது அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரேத்தியான் நிறுவனம் ராடார்களுக்காக அதனைப் பெருமளவில் தயாரித்தது. அந்நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், நுண்ணலையால் உணவைச் சூடாக்கும் முறைக்கு 1945-இல் காப்புரிமை கோரினார். 1950-இல் அது கிடைத்தது.

1947-இல் விற்பனைக்கு வந்த முதல் 'ராடாரேஞ்ச்' அடுப்பு சுமார் 1.8 மீட்டர் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது. அதன் மேக்னட்ரான் நீரால் குளிர்விக்கப்பட்டதால் குழாய் இணைப்பும் தேவைப்பட்டது. எனவே உணவகங்களுக்கும் கப்பல்களுக்குமே அது பொருந்தியது. 1955-இல் டப்பன் நிறுவனம் வீட்டு அடுப்பை 1,295 டாலருக்கு விற்றது. 1965-இல் அமானா நிறுவனத்தை ரேத்தியான் வாங்கியது. 1967-இல் அமானா வெளியிட்ட, மேடைமேல் வைக்கத்தக்க ராடாரேஞ்சின் விலை 495 டாலர். அது சாதாரண 115 வோல்ட் மின் இணைப்பிலேயே இயங்கியது.

கதவும் சட்டமும்

அடுப்பு வீட்டுக்குள் வந்ததும், கதவிடுக்கில் கசியும் கதிர்வீச்சு பற்றிய கவலை எழுந்தது. 1968-இல் அமெரிக்காவில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1971 அக்டோபர் 6-க்குப் பின் தயாரான அடுப்புகளுக்குத் தரவிதி வந்தது. அடுப்பிலிருந்து 5 செ.மீ. தொலைவில் கசிவு, விற்பனைக்கு முன் சதுர செ.மீ.-க்கு 1 மில்லிவாட்டையும், பின்னர் 5 மில்லிவாட்டையும் மீறக்கூடாது. கதவைத் திறந்ததும் நுண்ணலையை நிறுத்த இரண்டு பாதுகாப்புச் சுவிட்சுகள் கட்டாயமாயின. அவை பழுதானால் அடுப்பையே முடக்கும் கண்காணிப்பு அமைப்பும் பின்னர் சேர்க்கப்பட்டது.

இந்த நாளுக்கு முன் தயாரான அடுப்பில் இவை இருக்கும் என்று நம்ப இயலாது. ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது கதவையே. கீல் தளர்ந்தோ, கதவு வளைந்தோ, கண்ணாடியை ஒட்டியுள்ள உலோக வலை கிழிந்தோ இருந்தால் அதனை இயக்கக் கூடாது.

பழுது காணல்

பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் மின்மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ட் தருகிறது. மின்தேக்கியும் டயோடும் அதனைச் சுமார் 4,000 வோல்ட்டாக உயர்த்தி மேக்னட்ரானுக்கு அளிக்கின்றன. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதனைத் தானாக வெளியேற்றும் மின்தடை பழைய அடுப்புகளில் இல்லாமலோ, அறுந்தோ இருக்கலாம். எனவே மின்தேக்கியின் மின்னூட்டத்தை முறைப்படி வெளியேற்றத் தெரியாதவர் மேலுறையைக் கழற்றக் கூடாது.

* விளக்கும் விசிறியும் இயங்கியும் உணவு சூடாகவில்லை எனில் கதவுச் சுவிட்சு, டயோடு, மின்தேக்கி, மேக்னட்ரான் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
* சூடாகாமல் பலத்த இரைச்சல் மட்டும் எழுந்தால் டயோடோ மின்தேக்கியோ குறுக்கிணைப்பு அடைந்திருக்கலாம்.
* மின்னூட்டத்தை வெளியேற்றிய பின் அளந்தால், நல்ல மேக்னட்ரானின் இழையில் மின்தடை 1 ஓமுக்கும் குறைவாக இருக்கும். இழைக்கும் உலோக உடலுக்கும் இடையே மின்தொடர்பு இருக்கக் கூடாது.
* உட்புறம் பொறி பறந்தால் கருகிய மைக்கா தகடும் துருவேறிய சுவரும் காரணமாகலாம்.
* கதவைத் திறக்கும்போது ஃபியூஸ் போனால், பாதுகாப்புச் சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். கண்காணிப்பு அமைப்பு தன் கடமையைச் செய்தது என்பதே இதன் பொருள். தடித்த கம்பியைப் போட்டு அதனைத் தவிர்ப்பது, 1971-க்கு முந்தைய ஆபத்தை மீண்டும் வீட்டுக்குள் அழைப்பதாகும்.

உடைந்த மேக்னட்ரானின் வெண்பீங்கான் பகுதியைத் தேய்க்கவோ நொறுக்கவோ கூடாது. சிலவற்றில் உள்ள பெரிலியம் ஆக்சைடின் தூள் நுரையீரலுக்கு நஞ்சாகும். பழுது நீக்கிய பின் உள்ளே நீர்க் குவளை வைத்தே இயக்கி, கசிவுமானியால் கதவிடுக்கு முழுவதையும் அளக்க வேண்டும். அளவு வரம்பைத் தாண்டினால், அவ்வடுப்பு காட்சிப் பொருளாக இருப்பதே நன்று.