பானையும் கிடாரும்

மார்கழி மாத விடியற்காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு ஒலிபெருக்கியிலிருந்து திருப்பாவை உங்களைப் பிடித்துக்கொள்ளும். முப்பதே முப்பது பாசுரங்கள். ஆண்டாள் ஊர்க்காரர்களுக்கு அத்தனையும் தலைகீழ்ப் பாடம். முப்பதுக்கும் மெட்டுப் போட்டுக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்; வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் எம்.எல். வசந்தகுமாரி. இத்தனை தெரிந்திருந்தும், இன்னொருவர் பாட வந்தால் மறுபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறோமே, ஏன்? பாட்டு என்ன என்று தெரிந்துகொள்ளவா? இல்லை, இவர் அதை என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கத்தான்!

அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்களிடமும் இப்படி ஒரு பொதுச் சொத்து உண்டு. 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்பார்கள். பழைய நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு, மூத்த கலைஞர்கள் போட்ட மெட்டு என்று எல்லாம் அதில் அடக்கம். முதலில் மெட்டை ஒரு தடவை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு அதன் அடியில் ஓடும் 'கார்ட்ஸ்' எனும் ஸ்வரக் கூட்டங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கற்பனையில் இறங்குவார்கள். கடைசியில் மறுபடி மெட்டு. நம்ம நிரவலுக்கும் கற்பனாஸ்வரத்துக்கும் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

'சவுண்ட் ஆஃப் மியூஸிக்' படத்தில், இடிக்குப் பயந்த குழந்தைகளைத் தேற்ற ஒரு பாட்டு வருமே, 'மை ஃபேவரைட் திங்ஸ்'? அது 1959-லேயே மேடை நாடகத்துக்காகப் போட்ட பாட்டு. மறு வருஷமே ஜான் கோல்ட்ரேன் அதை சாக்ஸபோனில் எடுத்துக்கொண்டு 13 நிமிஷத்துக்கு மேல் வாசித்துத் தள்ளிவிட்டார்! டிரம்ஸ், எல்வின் ஜோன்ஸ். 34 வருஷம் கழித்து, 1994-ல், அதே எல்வின் ஜோன்ஸைக் கூட்டிக்கொண்டு, ஆர்கனுக்கு ஜோயி டிஃப்ரான்செஸ்கோ என்ற இளைஞரை வைத்துக்கொண்டு, ஒரு கிடார்காரர் அந்தப் பாட்டையும், கோல்ட்ரேன் வாசித்துப் பிரபலமான வேறு சிலவற்றையும் பதிவு செய்தார். மூன்றே பேர். ஆல்பத்தின் பெயர் 'ஆஃப்டர் தி ரெய்ன்'.

கிடார்காரர், இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் 1942-ல் பிறந்த ஜான் மெக்லாக்லின். அந்த ஆல்பம் நல்ல ஆல்பம்தான். ஆனால், அதற்கு 19 வருஷம் முன்னால் அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதுதான் நம்ம ஊர்ச் சமாசாரம்.

1970-களின் தொடக்கத்தில் மெக்லாக்லின் நடத்திய 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்றால் எலெக்ட்ரிக் கிடார், காதைக் கிழிக்கும் சத்தம், பெரிய பெரிய அரங்குகள். பெயரும் பணமும் குவிந்த அந்தக் காலத்தில்தான் மனுஷர் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார், வயலின் எல். ஷங்கர். 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனின் தம்பி.

வீணையைத் தொட்டவருக்குக் கிடாரின் குறை புரிந்துவிட்டது. கமகம் பேசவில்லை! கிப்ஸன் கம்பெனியின் ஏப்ரஹாம் வெக்டர் அவருக்கென்றே ஒரு கிடார் செய்தார். விரல் பலகையைச் சுரண்டிப் பள்ளம் பள்ளமாக்கினால், தந்தியை வீணை போல அழுத்தி, இழுத்து வாசிக்கலாம். ஒலித்துளைக்கு மேல் குறுக்காக ஏழு தந்திகள், கூடவே ரீங்கரிக்க.

1975 ஜூலை 5. நியூயார்க் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடை. தரையோடு சம்மணம் போட்டு ஐந்து பேர். மெக்லாக்லின், 25 வயது ஷங்கர், தபலாவில் 24 வயது ஜாகிர் உசேன், மிருதங்கத்தில் ராம்நாட் வி. ராகவன், கடத்தில் விக்கு விநாயக்ராம். குழுவின் பெயர் 'சக்தி'. அன்று மேடையில் வாசித்ததுதான் அவர்களுடைய முதல் ஆல்பமாக 1976-ல் வெளிவந்தது. மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று மட்டும் 29 நிமிஷம்!

ராகவன் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ராம்நாட்'டைக் கவனித்தீர்களா? பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி இவர். 1985-ல் மாவட்டம் பிரியும்வரை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஏன், கடம் என்றதும் நினைவுக்கு வரும் மானாமதுரைகூட எல்லாமே ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான்.

கடத்துக்கு வருவோம். நம் கச்சேரி மேடையில் அது 'உப பக்கவாத்தியம்'. பாடகர் முதலில், பிறகு வயலின், பிறகு மிருதங்கம், அப்புறம்தான் பானை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக் கொடுக்கிற நேரத்துக்குள் தன் வித்தையைக் காட்டிவிட வேண்டும். 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். பாடியபோது கடம் வாசித்தவர் விநாயக்ராம். அவ்வளவு பெரிய வித்வானுக்கும் இங்கே இதே வரிசைதான்.

ஜாஸ் குழுவில் இந்தக் கணக்கு செல்லாது. மெட்டு முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். மற்றவர்கள் ஒதுங்கித் தாங்க வேண்டும். சக்தியின் இரண்டாவது ஆல்பத்தில் ராகவனும் இல்லை. தபலாவுக்கு எதிரே கடம், கேள்விக்குப் பதில், பதிலுக்கு எதிர்க்கேள்வி. வெள்ளைக்காரக் கிடார்காரர் தலையாட்டிக்கொண்டே தாளம் போடுகிறார்! 'ஃப்யூஷன்' என்ற பெயரில் பிற்பாடு வந்த எத்தனையோ அவியல்களை மன்னிக்கலாம், இந்த ஒரு நியாயத்துக்காக.

வியாபாரம்? மூன்று ஆல்பங்களுக்குப் பிறகு 1978-ல் குழு கலைந்தது. அந்த வருஷம் மெக்லாக்லின் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பைப் பாருங்கள்... 'ஜானி மெக்லாக்லின், எலெக்ட்ரிக் கிடாரிஸ்ட்'! கடை போர்டு மாதிரி இல்லை? ஆனால், அதன் கடைசிப் பாட்டு, கிடார் தனியாக வாசிக்கும் 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. பழைய சினிமா ஸ்டாண்டர்ட்.

1997-ல் மெக்லாக்லின் 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி ஆரம்பித்தார். 2000-ல் அவர்கள் வெளியிட்ட 'தி பிலீவர்' ஆல்பத்தில், முதல் சக்தியின் 'லோட்டஸ் ஃபீட்' இருக்கிறது. 1975-ல் ஐந்து நிமிஷத்துக்குள் வாசித்து முடித்த சின்ன மெட்டு, இப்போது அவர்களுக்கே ஸ்டாண்டர்ட் ஆகிவிட்டது. ஷங்கரின் வயலின் இருந்த இடத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். விக்கு இருந்த இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ், பின்னாளில் 'வெண்ணிலா கபடி குழு'வுக்கு இசையமைத்தாரே, அவரேதான். 2014-ல் 45 வயதில் ஸ்ரீநிவாஸ் போய்விட்டார். இரண்டு 'லோட்டஸ் ஃபீட்'டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மெட்டு அதேதான், முதலில் ஷங்கர், அப்புறம் ஸ்ரீநிவாஸ்.