சரோஜா என்னும் பெயர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வாழும் குடியிருப்பு ஒன்றில் மூத்த பெண்களின் பெயர்களைக் கேட்டு வந்தால், சரோஜா என்னும் பெயர் இரண்டொரு முறையேனும் செவியில் விழாமற் போகாது. அதே குடியிருப்பிலிருந்து பள்ளிக்குச் செல்லும் சிறுமியரிடையே அப்பெயரைத் தேடித்தான் காணவேண்டும். இரண்டு தலைமுறைக் காலத்திற்குள் ஒரு பெயர் இவ்வாறு ஒதுங்கிப் போனது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

சரோஜா என்பது வடசொல். 'சரஸ்' என்பது பொய்கையைக் குறிக்கும்; 'ஜா' என்பது பிறந்தவள் எனப் பொருள்படும். பொய்கையிற் பிறந்தவள் தாமரையே அன்றி வேறில்லை. தாமரையை அது பிறந்த இடத்தால் பெயரிட்டு அழைப்பது வடமொழியாளர் வழக்கம். சேற்றிற் பிறந்ததனால் பங்கஜம். நீரிற் பிறந்ததனால் அம்புஜம், ஜலஜா, நீரஜா. வனஜாவும் அவ்வினத்ததே. வனம் என்பதற்குக் காடு என்பதோடு நீர் என்னும் பொருளும் உண்டு. ஆகவே ஒரு வீட்டில் பங்கஜம், அம்புஜம், வனஜா, சரோஜா என நான்கு பெண்கள் இருந்தால் நால்வருக்கும் பெயர் ஒன்றேயாம்! ஆயினும் இந்நாட்டில் பலர் சரோஜா என்பதில் ரோஜாவைக் கண்டு மகிழ்கின்றனர். ரோஜாப் பூவுக்கும் இப்பெயருக்கும் ஓசை ஒற்றுமையன்றி வேறு உறவு இல்லை. பெற்றோர் பலர் மனத்தில் இருந்த பூ தாமரையா ரோஜாவா என்று இன்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. பெயர்கள் அகராதியைப் பார்த்து மட்டும் வாழ்வதில்லை.

பூவையும் கொடியையும் பெயராக்குவது தமிழர்க்குப் புதியதன்று. நிலத்திற்கே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனச் செடிகொடி மரங்களின் பெயரிட்டவர்கள் அவர்கள். சிலப்பதிகாரத்து மாதவியின் பெயரும் குருக்கத்திக் கொடியின் பெயரே. ஆனால் தோட்டத் தொழிலுக்கென மலாயாவிற்குக் கப்பலேறிய எளிய மக்கள் இலக்கியப் பெயர்களைக் கொண்டுவரவில்லை. மாரியாயி, முனியம்மாள், அங்காயி, அஞ்சலை என ஊர்த் தெய்வங்களின் பெயர்களும் குலமுறைப் பெயர்களுமே அவர்களோடு வந்தன. முன்பிறந்த குழந்தைகள் இறந்துபட்ட வீட்டில், இதுவேனும் தங்கட்டும் என்று குப்பம்மாள் எனவும் பிச்சை எனவும் பெயரிடுவார்கள். இழிந்த பொருளைச் சுட்டும் பெயரைக் கூற்றுவன் விரும்பமாட்டான் என்பது நம்பிக்கை. ஒரு பெயருக்குள் இத்தனை துயரம் அடங்கிக் கிடந்தது.

இத்தகைய பெயர்களுக்கு நடுவே சரோஜா வந்தபோது அது வெறும் பூப்பெயராக வரவில்லை. அதில் ஊர்த் தெய்வம் இல்லை, சாதி இல்லை, 'அம்மாள்', 'ஆயி' என்னும் ஒட்டும் இல்லை. பால்மரம் சீவுவோர் வீட்டிலும் புகைவண்டிப் பணியாளர் வீட்டிலும் அது ஒரே ஒலியோடு வழங்கிற்று. குறைந்த கூலி பெற்ற தாய் ஒருத்தி தன் மகளுக்குத் தன் பெயரை விடுத்து இப்பெயரை இட்டாள் என்றால், தன் வாழ்வு மகளுக்கு வரலாகாது என்னும் எண்ணமும் அதில் கலந்திருந்தது எனலாம்.

அப்பெயரைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்ததில் திரைப்படத்தின் பங்கு பெரிது. கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பாலயோகினி' 1937-இல் வெளிவந்தது. அதில் நடித்த சிறுமி பேபி சரோஜாவின் புகழ் எத்துணை பரவியதெனின், அக்காலத்தில் பிறந்த பெண்மகவுகள் பலவற்றிற்கு அவர் பெயரே இடப்பட்டது என்று திரைவரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1938-இல், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவிற்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் இங்கே தமிழர் தொகை பெருகியது பெரிதும் பிறப்பினாலேயாம். இந்நாட்டு மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அந்த முதற்பெருந் தலைமுறையின் பெயர்களுள் ஒன்றாகச் சரோஜா அமைந்தது.

இரண்டாம் அலை சரோஜாதேவியால் எழுந்தது. 1955-இல் கன்னடத்து 'மகாகவி காளிதாசா'வில் அறிமுகமான அவர், 1958-இல் 'நாடோடி மன்னன்' வழியாகத் தமிழர் உள்ளத்தில் இடம்பெற்றார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலம் அது. பாயை விரித்துத் திரைமுன் அமர்ந்த இளந்தாய்மார் மடியில் அடுத்த சரோஜாக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

பெயர் ஏட்டில் ஏறும்போது வேறு கோலம் கொண்டது. தோட்டத்துக் கிராணியும் பதிவு அலுவலகத்து எழுத்தரும் செவியில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினர். 1948-இல் அவசரகாலத்தை ஒட்டி அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தபின் அவ்வெழுத்தே நிலைபேறு பெற்றது. சிலர் பெயரின் இறுதியில் 'எச்' என்னும் எழுத்து ஒன்று மிகையாக ஒட்டிக்கொண்டது. ஒலிக்கப்படாத அந்த எழுத்தை வாழ்நாள் முழுவதும் கையொப்பத்தில் சுமந்தவர்கள் உண்டு.

இப்பெயர் பரவிய அதே காலத்தில் அதற்கு எதிர்ப்பும் வளர்ந்தது. 1916-ஆம் ஆண்டை ஒட்டி வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் கடல்கடந்து இங்கும் வந்தது. பெரியாரின் மலாயாப் பயணமும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இதழும் ஊட்டிய மொழியுணர்வு பிள்ளைகளின் பெயர்களிலும் தோன்றிற்று. தாமரைச்செல்வி, செந்தாமரை, பூங்கொடி, மலர்விழி, தமிழ்ச்செல்வி என்பன பள்ளிப் பதிவேடுகளில் இடம்பெறலாயின. பூ ஒன்றே, மொழி மாறியது. தம் மொழியில் பெயரிட வேண்டும் என்னும் வேட்கை போற்றுதற்குரியது. எனினும் சரோஜா என்று பெயர் வைத்த தாயை மொழிப்பற்று அற்றவள் என்று கூறுவது நீதியாகாது. அவள் வடமொழியைத் தேடிச் செல்லவில்லை, புதுவாழ்வைத் தேடினாள். வடமொழியிலுள்ள 'தாமரசம்' என்னும் சொல்லே தமிழின் தாமரையோடு உறவுடையது என்று கருதும் அறிஞரும் உளர். பூக்களின் பெயர்கள் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்வதில்லை.

அப்பயணத்தின் மற்றொரு கரை இந்நாட்டிலேயே இருக்கிறது. மலாய்மொழியில் தாமரைக்குத் 'தெராத்தாய்' என்பதோடு 'செரோஜா' என்னும் பெயரும் உண்டு. இது சரோஜாவே. வடசொற்கள் மலாய்மொழியில் கலந்தது மிகத் தொன்மையான நிகழ்ச்சி. பலெம்பாங் அருகே கிடைத்த, கி.பி. 683-ஐச் சேர்ந்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டில் பழைய மலாயும் வடசொற்களும் கலந்தே நிற்கின்றன. மலாயர் 'செம்பாகா' என்பது தமிழர் வீட்டுச் செண்பகம். அவர்கள் 'மெலாத்தி' என்பது மாலதி. 1996-இல் ஓடத் தொடங்கிய அம்பாங் இரயில் தடத்தில் செம்பாகா என்றொரு நிலையம் உண்டு. கோம்பாக் செல்லும் தடத்தில் தாமான் மெலாத்தி உண்டு. செண்பகம் என்றும் மாலதி என்றும் பெயர்கொண்ட பெண்மணிகள் அந்நிலையங்களில் நாள்தோறும் ஏறி இறங்கியிருப்பர். பலகையில் எழுதியிருப்பது தம் பெயரே என்று எண்ணியவர் எத்தனை பேரோ! 2021 ஏப்ரலில் திமோர்த் தீவுகளைத் தாக்கி மேற்கு ஆஸ்திரேலியா வரை சென்ற கொடும்புயலுக்கு இந்தோனேசியா இட்ட பெயரும் செரோஜாவே. மெல்லிய பூவுக்கு நேர்ந்த விந்தையான பணி அது.

ஆக, ஒருபுறம் தனித்தமிழ் அன்பர் அயற்சொல் என்று விலக்கிய பெயரை, மறுபுறம் அண்டைவீட்டார் தம் சொல்லாகவே வழங்கி வந்தனர். இந்நாட்டில் தமிழ்ப்பெண் ஒருத்தியின் பெயரை மலாய்த்தோழி பொருள் கேளாமலே புரிந்துகொள்ளக் கூடுமாயின், அத்தகைய சில பெயர்களுள் சரோஜாவும் ஒன்று. அந்த உறவை இரு சாராருமே அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

1970-களுக்குப் பின் பெயர் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஒலியில் புதுமை, எண்கணிதக் கூட்டுத்தொகை, பிறந்த நட்சத்திரத்திற்குரிய முதலெழுத்து என்பன பொருளை முந்திக்கொண்டன. வல்லோசையும் நெட்டோசையும் கொண்ட பழம்பெயர்கள் பின்தங்கின. ஷினி, ஷிகா என முடிவன முன்வந்தன. 2008-இல் தமிழில் 'சரோஜா' என்றே ஒரு திரைப்படம் வந்தும், 1937-இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழவில்லை.

பெயர் மறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது அதிகம் பேசப்படாதது. தமிழர் வழக்கில் பேரன் என்பது பெயரன். பேர்த்தி என்பது பெயர்த்தி. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவோர் என்பதே அச்சொற்களின் பொருள். அவ்வழக்கம் தளர்ந்தபின் பெயரைத் தாங்கி நிற்க ஏடு ஒன்றே எஞ்சியது. அந்த ஏடோ தந்தைவழியே செல்வது. இந்நாட்டில் தமிழர் பெயருக்குப் பின் 'மகன்', 'மகள்' எனப் பொருள்படும் மலாய்ச் சொற்குறியும், அதன்பின் தந்தையின் பெயருமே வரும். முனியாண்டியும் பெருமாளும் இவ்வாறு பிள்ளைகளின் அடையாள அட்டையில் இன்னொரு தலைமுறை வாழ்கின்றனர். சரோஜாவுக்கு அந்த வாய்ப்பில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயருக்குரிய இடத்தில் ஒருமுறை எழுதப்படுவாள். அதன்பின் பள்ளியிலோ அலுவலகத்திலோ அப்பெயரை அழைப்பார் இல்லை.

இன்று அப்பெயரை அச்சில் காணக்கூடிய இடங்களுள் ஒன்று தமிழ் நாளேடுகளின் நினைவஞ்சலிப் பக்கம். மேலே மாலையிட்ட படமும் சரோஜா என்னும் பெயரும் இருக்கும். கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள் என வரிசை நீண்டு, இறுதியில் பேரப்பிள்ளைகள் எனத் தலைப்பிட்டு ஐந்தாறு புதுப்பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் சரோஜா என்று ஒருத்தி இருப்பது மிக அரிது.